பழைய வீட்டுக்கு ஓர் இணையத்தளம்: வாசகர் கேள்வி பதில்

வீடாக இருந்து அருங்காட்சியகமாக மாறிய சிறிய இடங்களுக்குத்தான் நல்ல இணையத்தளம் மிகவும் தேவை என்று சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இம்மாதம் முழுவதும் அவற்றுக்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தாத்தா சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டில் தமிழ் அச்சகம் நடத்தினார். கீழே அச்சகம், மேலே குடும்பம். அச்சகம் மூடி வெகுகாலம் ஆகிறது. வீட்டை விற்காமல் சாமான்களோடு அப்படியே வைத்திருக்கிறோம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருபவர்களுக்கு அப்பா சனிக்கிழமைகளில் திறந்து காட்டுகிறார். இதற்கு ஒரு தளம் வேண்டும். வடிவமைப்பாளர் ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறார். முதல் பக்கம் முழுக்க நகரும் படங்கள், கீழே ‘எங்கள் நோக்கம்’, ‘எங்கள் தொலைநோக்கு’. அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னவோ குறைகிறதே, அக்கா? (வாசகி, லிட்டில் இந்தியா)

பதில்: குறைவது உங்கள் தாத்தாதான், அம்மா. நீங்கள் அனுப்பிய மாதிரியையும் வீட்டுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாதிரியில் பெயரை மட்டும் மாற்றினால் அது ஒரு பல் மருந்தகத்துக்கும் பொருந்தும், துணைப்பாட நிலையத்துக்கும் பொருந்தும். படங்களில் இருப்பதோ வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாது.

வடிவமைப்பாளரை மறுபடி கூப்பிடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வருகிற சனிக்கிழமை அப்பா வீட்டைக் காட்டும்போது, வருபவர்களிடம் சொல்லிவிட்டு, ஃபோனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கூடவே நடங்கள். வாசலில் நின்று அவர் முதலில் என்ன சொல்கிறார், எந்தப் பொருளைக் கையில் எடுத்துக் காட்டுகிறார், வந்தவர்கள் எங்கே நின்றுவிடுகிறார்கள், என்ன கேட்கிறார்கள், எல்லாவற்றையும் கவனியுங்கள். அந்தப் பேச்சுதான் தளத்தின் எழுத்து. அவர் நடக்கிற வரிசைதான் தளத்தின் வரிசை. வண்ணமும் எழுத்துருவும் அப்புறம் வரட்டும்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சன்னலோரத்தில் கிடக்கும் அந்தக் கட்டிலைத்தான் முதலில் சொல்வார்கள். வீடு என்றால் அப்படித்தான். ஒருவர் எங்கே உட்கார்ந்தார், எந்தச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார் என்பதில்தான் மனசு ஒட்டும். பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களைப் பார்த்து ‘சேகரிப்புகள்’, ‘கண்காட்சிகள்’, ‘வளங்கள்’ என்று தலைப்புப் போட உங்களுக்கு அவசியமே இல்லை. ஐந்தடி நடைபாதை, அச்சுக்கூடம், முற்றம், சமையலறை, மாடி அறை. இவைதான் உங்கள் தலைப்புகள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நான்கு பொருள்கள். அதற்கு மேல் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பொருளைப் பற்றி எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பியதில் எழுத்துக் கேஸின் படம் ஒன்று இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம். இப்போது அதற்கு நீங்கள் போட்டிருக்கும் குறிப்பு: ‘பழங்கால அச்செழுத்துப் பெட்டி, மரம் மற்றும் ஈயம்.’ படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அறைகள் ஒரே அளவில் இல்லை. அடிக்கடி தேவைப்படும் எழுத்துகளுக்குப் பெரிய அறை, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் கைக்குப் பக்கத்தில். எப்போதாவது வருவதற்குச் சின்ன அறை, ஓரத்தில். வேலை செய்தவரின் கை எப்படி ஓடியது என்பதை இந்தப் பெட்டியே காட்டுகிறது. வலது மூலையில் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’ கிடக்கிறது. பக்கத்து அறையில் பழைய வடிவத்து ‘ணா’. தமிழ்நாட்டில் 1978ல் அரசாணையாக வந்து, பிறகு இங்கும் பழக்கமாகிவிட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் இவை. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளை அவற்றைப் பார்த்திருக்கவே மாட்டாள்.

இதில் தளம் செய்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பழைய ‘லை’யை விசைப்பலகையில் அடித்துக் காட்ட முடியாது. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான். எந்த வடிவத்தில் தெரிய வேண்டும் என்பதை எழுத்துருதான் தீர்மானிக்கிறது, இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலும் புதிய வடிவம்தான் வரும். அதனால் அந்த ஈய எழுத்தை எடுத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து, அருகிலிருந்து ஒரு படம் எடுங்கள். அச்செழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். அப்பாவிடம் சொல்லி அதில் கொஞ்சம் மை தடவி ஒரு தாளில் அழுத்தி, அந்தத் தாளையும் படம் எடுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே நான்கு வரி. போதும். 1887ல் சி.கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழை நடத்திய நாள்தொட்டு இந்த ஊரில் தமிழை இப்படி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்துத்தான் அச்சடித்தார்கள். அந்த உழைப்பை ஒரு பிள்ளை தன் ஃபோனில் கண்ணால் பார்க்கும் இடம் உங்கள் தளமாக இருக்கும் என்பதை நினைக்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

முதல் பக்கம் பற்றி. நகரும் படங்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்றாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, ஃபோனில் திறக்கவும் நேரமாகும். நல்ல படம் ஒன்றே ஒன்று போதும். நான் என்றால் அப்பா, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மிஷின் பக்கத்தில் நிற்கும் படத்தைத்தான் போடுவேன். அதற்குக் கீழே ஒரே வாக்கியம்: இது யாருடைய வீடு, இங்கே என்ன நடந்தது. அதற்கும் கீழே திறந்திருக்கும் நாள், நேரம், வருகையைப் பதியும் பொத்தான். விரலால் தள்ளாமலேயே இவ்வளவும் தெரிய வேண்டும்.

நீல் ரோட்டில் 157ஆம் எண் வீடு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பாபா ஹவுஸ் அருங்காட்சியகம், பலருக்குத் தெரிந்திருக்கும். 1890களில் கட்டிய நீல நிற வீடு, 2008ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே போவதென்றால் முன்பதிவு செய்துவிட்டுத்தான். உங்கள் வீடும் அப்படித்தானே? முன்பதிவு உள்ள இடத்துக்கு வருபவருக்கு முதல் வாசல் தளம்தான். ஆகவே ‘எப்படி வருவது’ என்ற பக்கத்தை மற்ற எல்லாப் பக்கங்களையும்விடப் பொறுப்பாக எழுதுங்கள். எந்தப் பெருவிரைவு ரயில் நிலையம், எந்த வெளிவாசல், அங்கிருந்து எத்தனை நிமிட நடை. ஐந்தடி நடைபாதையில் வாசலுக்கு முன் படி உண்டா. கழிவறை உண்டா. படம் எடுக்கலாமா. தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைகளில் திறந்திருக்குமா. ஒரு தொலைபேசி எண், கூப்பிட்டால் யாராவது எடுக்கிற எண். கூகல் வரைபடத்திலும் இதே நேரத்தைப் போட்டு வையுங்கள். தளத்தில் ஒரு நேரம், வரைபடத்தில் வேறு நேரம் என்று இருந்தால், வரைபடத்தை நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் திரும்பி வரமாட்டார்.

கெர்பாவ் ரோட்டில் ‘தான் டெங் நியா’ என்ற சீன வணிகரின் வீடு இருக்கிறது. 1900ல் கட்டியது, இன்று பல வண்ணங்களில் நிற்கிறது. எந்நேரமும் அதன் முன் நான்கு பேர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவராவது உடனே ஃபோனை எடுத்து இது யார் வீடு என்று தேடுவார். உங்கள் தெருவிலும் அப்படித் தேடுபவர்கள் உண்டு. கதவு பூட்டியிருக்கும் வாரநாளில் வாசலில் நிற்கும் அவருக்கும் தளம் பதில் சொல்ல வேண்டும். தாத்தாவின் பெயர், அச்சகத்தின் பெயர், தெருவின் பெயர் மூன்றும் முதல் பக்கத்தில் எழுத்தாகவே இருக்கட்டும். படத்துக்குள் எழுதிய பெயரைத் தேடுபொறி கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இன்னொன்று. பழைய வீடு என்றாலே மங்கிய காகிதம் போல ஒரு பின்னணி, அதன்மேல் பழுப்பு எழுத்து. உங்கள் மாதிரியிலும் அதுதான் இருக்கிறது. வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது உலகளவில் ஏற்ற நெறி. அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் அப்பா வயதுக்காரர்கள்தான் உங்கள் தளத்தை முதலில் படிக்கப்போகிறவர்கள். வெள்ளையில் கறுப்பாகப் போடுங்கள், பழமையைப் படங்கள் பார்த்துக்கொள்ளும்.

வடிவமைப்பாளரை மாற்ற வேண்டியதில்லை. அவர் கையில் வீடு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒலிப்பதிவோடு அவரையும் ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கிறேன். ஒரு மரபுடைமை வீட்டுக்குத் தொண்டூழியமாகத் தளம் செய்கிறேன். தமிழ்ப் பகுதியில் மட்டும் சிக்கல். பதாகையில் எழுத்துகள் சிதறுகின்றன, பொத்தான்களில் சொற்கள் வெளியே வழிகின்றன. எனக்குத் தமிழ் எழுத்துருக்களோடு பழக்கமில்லை. (மாணவர், தோ பாயோ)

பதில்: தம்பி, தமிழ்ப் பகுதியும் சரியாக வர வேண்டும் என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு நன்றி.

எழுத்து சிதறுவதற்குக் காரணம், பதாகையைப் படம் வரையும் மென்பொருளில் செய்ததுதான். அந்த மென்பொருள்களில் இந்திய, ஆசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘தேக்கா’ என்று அடித்தால் கொம்பு ‘த’வுக்கு அந்தப் பக்கம் நிற்கும். பொது இடத்துப் பலகைகளில் இதே கோளாறைப் பார்த்து நம்மவர்கள் எத்தனையோ முறை மனம் நொந்திருக்கிறார்கள். தீர்வு எளிது. பதாகையில் படம் மட்டும் இருக்கட்டும், தலைப்பைப் பக்கத்திலேயே எழுத்தாக அதன்மேல் வையுங்கள். உலாவிகள் யூனிகோடு தமிழை ஒழுங்காகக் காட்டும், தேடலிலும் அகப்படும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் மூன்றுமே இலவசம், மூன்றுமே நன்றாக இருக்கும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிட அதிக இடம் விடுங்கள். எழுத்தளவைப் போல 1.7 மடங்கு என்று தொடங்கிப் பாருங்கள். ‘கீ’யின் மேற்சுழியும் ‘ழு’வின் கீழ்ச்சுழியும் மோதிக்கொண்டால் படிப்பவருக்குக் கண் வலிக்கும். பொத்தானுக்கு ஆங்கிலத்தைப் பார்த்து அகலம் வைக்காதீர்கள். முதலில் தமிழில் எழுதி, அது அடங்கும் அகலத்தை வைத்தால் ஆங்கிலம் தானாக அடங்கிவிடும். நீங்கள் அனுப்பிய ‘நிகழ்ச்சிகளுக்குப் பதிந்துகொள்ளுங்கள்’ என்பதை ‘பதிவு செய்க’ என்று சுருக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம், தமிழ்ப் பக்கத்தின் மொழி தமிழ்தான் என்று பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் குறிப்பிடுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் குரலை மாற்றும்.

ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழை அப்படியே ஏற்றாதீர்கள். அந்த வீட்டில் யாருக்காவது தமிழ் நன்றாக வரும். அவரைப் பேசச் சொல்லி நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழையும் அங்கே தெரிய வைத்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. யூனிகோடு தமிழ் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத காலம் அது. 1997ல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் 97 மாநாடு இங்கேதான் நடந்தது. உங்களிடம் இன்று இருக்கும் வசதிகள் அவர்களைப் போன்றவர்கள் போட்ட உழைப்பில் வந்தவை. தயங்காமல் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பழைய கட்டடத்தில் ஓர் அறையை மரபுடைமை அறையாக வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு தொண்டூழியர் தளம் செய்து கொடுத்தார். அவர் வெளிநாடு போய்விட்டார். தளம் மறைந்துவிட்டது. மீட்க முடியுமா? (சங்கச் செயலாளர், பிடோக்)

பதில்: எழுத்தையாவது மீட்டுவிடலாம், ஐயா. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் உங்கள் பழைய முகவரியை அடித்துப் பாருங்கள். தேசிய நூலக வாரியத்தின் சிங்கப்பூர் இணையக் காப்பகத்திலும் தேடுங்கள். முகவரி டாட் எஸ்ஜி என்று முடிந்திருந்தால் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் 2019 முதல் அத்தகைய தளங்களை ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்காமலேயே சேகரிக்க வாரியத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. படங்கள் சில விட்டுப்போயிருக்கலாம்.

இனிமேல் முகவரியைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். டாட் எஸ்ஜி முகவரிக்குப் பொறுப்பாளராக ஒருவர், அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகத் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஒருவர் அந்தந்த நேரத்தில் பதவியில் இருக்கும் பொறுப்பாளராக இருக்கட்டும், நிர்வாகக் குழு மாறும்போது அதையும் மாற்றுங்கள். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியை ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், அப்போது யாரும் மறக்க முடியாது. டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரியும் நமக்கு இருக்கிறது. அதையும் கேட்டுப் பாருங்கள். தமிழ்ச் சங்கத்துக்குத் தமிழிலேயே முகவரி இருப்பது எவ்வளவு பொருத்தம்!

கேள்வி: வருகையைப் பதியும் படிவத்தில் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி கேட்கிறோம். பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். (வாசகர், ஈசூன்)

பதில்: அடையாள அட்டை எண்ணை இன்றே எடுத்துவிடுங்கள். சட்டம் கேட்கச் சொன்னால் ஒழிய, அல்லது ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தியே ஆக வேண்டிய நிலை இருந்தால் ஒழிய, தனியார் அமைப்புகள் அதைக் கேட்டு வாங்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறை இருக்கிறது. வீட்டைப் பார்க்க வருவது அதில் சேராது. பிறந்த தேதியும் முகவரியும் எதற்கு? பெயர், தொடர்பு கொள்ள ஒரு வழி, எத்தனை பேர், எந்த நாள். போதும்.

கேள்வி: பாட்டிக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. வீட்டின் தளத்தில் அவற்றை ஏற்ற ஆசை. செய்யலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: ஆசை நியாயமானது. ஆனால் கடிதத் தாள் உங்களுடையது என்பதால் அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும் உரியது அது. ஊரில் அவர்கள் பிள்ளைகள் யாரென்று கண்டுபிடித்துக் கேளுங்கள். கேட்கும்போதே அந்தப் பக்கத்துக் கதையும் கிடைக்கும். சட்டம் ஒருபுறம் இருக்க, கடன், கல்யாணப் பேச்சு, சண்டை என்று வீட்டு விஷயங்கள் அதில் இருக்கும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியவற்றைப் பெட்டியிலேயே வையுங்கள். ஏற்றுகிற கடிதத்துக்குப் படத்தோடு முழு வாசகத்தையும் தட்டச்சு செய்து போடுங்கள், அந்தக் காலத்துக் கையெழுத்தை இன்றைய பிள்ளைகளால் படிக்க முடிவதில்லை. பழைய செய்தித்தாள் படங்களையும் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தால் போதும். படத்தையே எடுத்துப் போடுவதென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டு மாடிக்குச் செங்குத்தான மரப்படிதான். மின்தூக்கி வைக்க இடமில்லை. முதியவர்கள் கீழேயே நின்றுவிடுகிறார்கள். 360 பாகைப் படச்சுற்று ஒன்றைத் தளத்தில் வைத்தால் சரியாகிவிடுமா? விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். (வாசகர், காத்தோங்)

பதில்: உதவும். ஆனால் அதில் இருந்து தொடங்க வேண்டாம். வெறும் படச்சுற்றில் அறையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம், எதன் முன் நிற்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை வைத்து மாடி அறையில் பத்து நல்ல படங்கள் எடுங்கள். சன்னல், கட்டில், அலமாரி, கூரையின் கழிகள், சன்னலிலிருந்து தெரியும் தெரு. ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் தன் குரலில் ஒரு நிமிடம் பேசட்டும். காது கேளாதவர்களுக்காக அந்தப் பேச்சைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். கீழே ஒரு நாற்காலியும் ஒரு கைக்கணினியும் வைத்தால், மாடி ஏற முடியாதவர் அங்கேயே உட்கார்ந்து அதே பக்கத்தைப் பார்க்கலாம். படங்களை ஏற்றும்போது அகலம் 1,600 புள்ளிகளுக்கு (பிக்சல்) சுருக்கி, ஒவ்வொன்றும் 300 கிலோபைட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூலப் படங்களைச் சுருக்காமல் தனியாக இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ‘எப்படி வருவது’ பக்கத்தில் உண்மையை எழுதிவிடுங்கள். மாடிக்கு எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், வாசல் நிலைப்படியின் உயரம் என்ன, சக்கர நாற்காலி எதுவரை வரும். சக்கர நாற்காலியில் அம்மாவை அழைத்துவரும் பிள்ளை வீட்டிலிருந்து புறப்படும் முன் அதைத்தான் தேடுவார். அளவு நாடாவை எடுத்து வாசற்கதவின் அகலத்தை இன்றைக்கே அளந்து, சென்டிமீட்டரில் போட்டுவிடுங்கள்.